கார் நின்ற மாடியில் கல்லூரி: 1945-இல் எந்த வழி சரி?

அமெரிக்காவின் அட்லாண்டா நகரின் நடுவே ஐவி தெருவில், 1925-இல் கட்டிய ஆறு மாடிக் கார் நிறுத்துமிடம் ஒன்று இருந்தது. ஐவி ஸ்ட்ரீட் கராஜ் என்று பெயர். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் ஒரு மாலைக் கல்லூரிக்காக அதை விலைக்கு வாங்கினார்கள். மறு வருடமே அங்கே வகுப்புகள் தொடங்கிவிட்டன. கார்கள் ஏறி இறங்கிய சாய்தளங்களை யாரும் இடிக்கவில்லை. புத்தகப் பையோடு மாணவர்கள் அதே சாய்தளங்களில் மாடிக்கு மாடி நடந்தார்கள். பின்னாளில் கல்லூரியின் முதல் இயக்குநர் வெய்ன் கெல் நினைவாக அந்தக் கட்டடத்துக்குக் கெல் ஹால் என்று பெயர் வைத்தார்கள். 2019-இல் இடிக்கத் தொடங்கும் வரை சாய்தளங்கள் இருந்தன. அந்த மாலைக் கல்லூரிதான் இன்றைய ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகம்.

கராஜைக் கல்லூரியாக்கியது சரியான முடிவுதானா? கட்டடத்தை மட்டும் பார்த்துக் கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். கூரை தாழ்வு, நடுப்பகுதி இருட்டு, ஆய்வகத்துக்குக் கொஞ்சமும் தோதில்லை. ஆனால் 1945-இல் முடிவெடுத்தவர்கள் முன்னால் ஒரு நல்ல கட்டடமும் ஒரு மோசமான கட்டடமும் நின்று, இவர்கள் மோசமானதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த இரண்டு மூன்று வருடங்களில் அமெரிக்கக் கல்லூரிகள் எடுத்த வழிகள் பல. ராணுவம் விற்ற தகரக் கூடங்களை வாங்கிப் போட்டவர்கள் உண்டு. காலியான கடற்படை முகாமுக்குப் போனவர்கள் உண்டு. கப்பல் துறைமேடையில் பாடம் நடத்தியவர்கள், பழைய மாளிகையை வாங்கியவர்கள், புதுக் கட்டடத்துக்காகக் காத்திருந்தவர்கள் என்று எல்லாரும் உண்டு. இவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் கராஜின் மதிப்பு புரியும். கட்டட வேலையில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இதில் அக்கறை உண்டு. பழைய கட்டடத்தை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாம் ஒப்பிடும் பொருளே பெரும்பாலும் தவறாக இருக்கிறது. கையில் இருக்கும் பழையதைக் கற்பனையில் இருக்கும் புதியதோடு ஒப்பிட்டால் எப்போதும் புதியதுதான் ஜெயிக்கும்.

முதலில் யாருக்கு இடம் தேவைப்பட்டது என்று பார்ப்போம். இந்தக் கல்லூரி 1913-இல் ஜார்ஜியா டெக் என்ற தொழில்நுட்பக் கல்லூரியின் மாலை வணிகப் பள்ளியாகத் தொடங்கியது. பகலில் அலுவலகத்திலும் கடையிலும் வேலை பார்ப்பவர்கள் சாயங்காலம் வந்து கணக்கியல் படிக்கும் இடம். வளாகம் என்று ஒன்று கிடையாது. நகரின் நடுப்பகுதியிலேயே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். 1928 முதல் ஜார்ஜ் ஸ்பார்க்ஸ் இதை நடத்தினார்.

அப்புறம் 1944 ஜூன் 22 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். போரிலிருந்து திரும்பும் வீரர் படிக்க விரும்பினால் வருடத்துக்கு 500 டாலர் வரை கட்டணத்தை அரசே கட்டும். கைச்செலவுக்கு மாதம் 50 டாலர், குடும்பம் இருந்தால் 75 டாலர். 1947-இல் அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் வீரர்கள். மொத்தத்தில் சுமார் 22 லட்சம் பேர் இந்தச் சட்டத்தின் உதவியோடு கல்லூரிக்குப் போனார்கள்.

அந்த 75 டாலரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மனைவியும் குழந்தையும் இருப்பவருக்கு அது போதாது. அவர் பகலில் வேலைக்குப் போயாக வேண்டும். மாலை ஐந்தரைக்கு வேலை முடிந்து, ஆறு மணிக்குள் வகுப்பில் உட்கார வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த முடிவின் முதல் அளவுகோல் இந்த அரை மணி நேரம்தான். அதற்குள் போய்ச் சேர முடியாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்கு அது கல்லூரி ஆகாது.

இரண்டாவது அளவுகோல் காலக்கெடு. இந்தச் சட்டத்தின்படி பெரும்பாலான வீரர்கள் 1951 ஜூலைக்குள் படிப்பைத் தொடங்கிவிட வேண்டும், உதவி 1956 ஜூலையோடு முடிந்துவிடும். கதவு திறந்திருந்த காலம் அவ்வளவுதான்.

சரி, புதிதாகக் கட்டுவதிலிருந்து தொடங்கலாம். எல்லாருடைய மனத்திலும் முதலில் வருவது அதுதான். போர்க்காலத்தில் அவசியமில்லாத கட்டுமானத்தை 1942 முதல் அரசு தடுத்து வைத்திருந்தது. அந்த ஆணை 1945 அக்டோபரில் விலகியது. எல்லாரும் மூச்சு விடுவதற்குள், 1946 மார்ச்சில் வீரர்களுக்கு வீடு கட்டவே பொருள் வேண்டும் என்று இன்னொரு கட்டுப்பாடு வந்தது. வீடல்லாத கட்டடத்துக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும். செங்கல், மரம், இரும்பு, குழாய் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. அட்லாண்டா கல்லூரி தனக்கென்று புதிதாகக் கட்டிய முதல் கட்டடம் ஸ்பார்க்ஸ் ஹால். அது வந்தது 1955-இல். வீரர்களின் உதவித்தொகை முடிய அப்போது ஒரே வருடம்தான் பாக்கி. புதுக் கட்டடத்துக்காகக் காத்திருந்தால் யாருக்காகக் கட்ட நினைத்தார்களோ அவர்கள் அதில் காலே வைத்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்த ஒரு கணக்கே போதும். 1945-இல் 'காத்திருப்போம்' என்பதற்குப் 'படிக்க வைக்க மாட்டோம்' என்றுதான் பொருள்.

தகரக் கூடம் அதற்கு நேர் எதிர். நேற்று வாங்கி இன்று நிறுத்திவிடலாம். ரோட் தீவு மாநிலத்தில் குவான்செட் பாயிண்ட் என்ற இடத்தில் 1941-இல் கடற்படைக்காக உருவாக்கிய அரைவட்டக் கூடாரம் அது. நெளித்தகட்டை வில்லாக வளைத்து நிறுத்தியது போலிருக்கும். 20 அடி அகலம், 48 அடி நீளம் என்பது வழக்கமான அளவு. போர் முடிந்ததும் உபரியாக விற்றார்கள், கல்லூரிகள் வாங்கின. சுவர் வளைந்து இருப்பதால் கரும்பலகையைச் சாய்க்கச் சுவரே இல்லை. அலமாரியை ஓரத்தில் வைத்தால் பின்னால் ஒரு முக்கோண இடம் வீணாகும். மழை பெய்தால் ஆசிரியர் சொல்வது கேட்காது. தகரக் கொட்டகைப் பள்ளியில் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

ஆனால் தகரக் கூடத்தின் பெரிய சிக்கல் சத்தமோ வெயிலோ இல்லை, தரைதான். கணக்குப் போடுவோம். ஒரே நேரத்தில் 1,000 பேர் உட்கார ஆளுக்கு 20 சதுர அடி என்று வைத்தால் 20,000 சதுர அடி. ஒரு கூடத்தில் 960 சதுர அடி. அப்படியானால் 21 கூடம். நடுவில் நடக்கவும், தீ பரவாமல் இருக்கவும், தண்ணீர் வடியவும் இடைவெளி விட்டால் இரண்டு ஏக்கராவது வேண்டும். கிராமத்துக் கல்லூரிக்கு அது பொருட்டே இல்லை, மைதானத்தில் போட்டுவிடலாம். நகரின் நடுவில் இரண்டு ஏக்கர் காலி நிலம் யாரிடம் இருக்கிறது? மாடி மேல் மாடியாக அடுக்கவும் முடியாது. வளாகமே இல்லாத அட்லாண்டா கல்லூரிக்கு இந்த வழி அங்கேயே முடிந்துவிடுகிறது.

கடற்படை முகாமைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நியூயார்க் மாநிலத்தில் செனெகா ஏரிக்கரையில் சாம்ப்சன் என்ற பெரிய பயிற்சி முகாம் இருந்தது. 1946-இல் அதைக் கல்லூரியாக்கினார்கள், 1949-இல் மூடிவிட்டார்கள். அங்கேயே தங்கிப் படிக்க முடிந்த இளைஞருக்கு நல்ல ஏற்பாடு. சாயங்காலம் வேலை முடிந்து வருபவருக்கு ஏரிக்கரை முகாமால் என்ன பயன்?

சிகாகோவில் நடந்ததுதான் கராஜோடு சரிசமமாக வைத்துப் பேசத் தக்கது. அங்கே இரண்டு வழிகள் ஒரே நேரத்தில் நடந்தன.

ஒன்று நேவி பியர். மிச்சிகன் ஏரிக்குள் 3,000 அடி நீளத்துக்கு நீண்டு கிடக்கும் துறைமேடை, 1916-இல் திறந்தது. போரின்போது கடற்படை அதைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டது. 1946 அக்டோபரில் இல்லினாய் பல்கலைக்கழகம் அங்கே இரண்டு வருடப் படிப்பைத் தொடங்கியது. வந்த முதல் ஆண்டு மாணவர்களில் பெரும்பாலோர் வீரர்கள். இங்கும் இடம் நகரத்துக்குள்ளேயே இருந்தது, வாடகை அறை தேவையில்லை, வீட்டிலிருந்தே வந்து போகலாம். அந்த அரை மணி நேர அளவுகோலில் தேறிவிடுகிறது. ஆனால் வடிவத்தைப் பாருங்கள். முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நீளம், அகலமோ 300 அடிக்குள். ஒரு முனையில் கணக்கு, மறு முனையில் வேதியியல் என்றால் இடைவேளை முழுக்க நடையிலேயே போய்விடும். சிகாகோவின் ஜனவரியில், ஏரிக் காற்றில்! அதைவிடப் பெரிய குறை இரண்டு வருடத்தோடு படிப்பு நின்றுவிடுவது. பட்டம் வேண்டுமென்றால் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் இருக்கும் அர்பானாவுக்குப் போக வேண்டும், அது 200 கிலோமீட்டருக்கும் அப்பால். குடும்பமும் வேலையும் சிகாகோவில் இருப்பவர் அதோடு படிப்பை விட்டுவிடுவார் அல்லது வேறு கல்லூரியில் இடம் தேடுவார்.

தற்காலிகம் என்று சொல்லித் தொடங்கிய நேவி பியர் வகுப்புகள் 1965 வரை ஓடின. அந்த வருடம்தான் கட்டடக் கலைஞர் வால்டர் நெட்ச் வடிவமைத்த சர்க்கிள் வளாகம், அதே பல்கலைக்கழகத்தின் சிகாகோ வளாகம், திறந்தது. அந்தப் புது வளாகத்துக்கு இடம் எப்படிக் கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹாரிசன், ஹால்ஸ்டட் தெருக்களைச் சுற்றியிருந்த இத்தாலியர், கிரேக்கர், மெக்சிகோக்காரர் குடியிருப்பை நகராட்சி கையகப்படுத்தியது. ஃப்ளாரன்ஸ் ஸ்காலா என்ற பெண் அண்டைவீட்டாரைத் திரட்டி வழக்குத் தொடுத்துப் போராடினார், தோற்றார். ஏழைக் குடியேறிகளுக்காகச் சமூக சேவகி ஜேன் ஆடம்ஸ் நடத்திய ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தின் கட்டடங்களில் பெரும்பாலானவை போய்விட்டன. ஆயிரக்கணக்கான பேர் வீடு இழந்தார்கள். 'புதிதாகக் கட்டு' என்ற வழியின் விலைப்பட்டியலில் இந்த வரி பெரும்பாலும் வருவதில்லை. கராஜை வாங்கினால் நிறுத்தியிருந்த கார்கள் வேறு இடம் தேடும். அதோடு சரி.

சிகாகோவின் இன்னொரு வழி, ரூஸ்வெல்ட் கல்லூரி. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சிகாகோவின் சென்ட்ரல் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரித் தலைவர் எட்வர்ட் ஸ்பார்லிங்கிடம் நிர்வாகக் குழு மாணவர்களின் இனவாரிக் கணக்கைக் கேட்டது. எந்த இனத்தவர் எத்தனை பேர் சேரலாம் என்று வரம்பு வைக்கத்தான் அது என்று அவருக்குப் புரிந்தது. கொடுக்க மறுத்து 1945-இல் வெளியேறினார். ஆசிரியர்களில் பெரும்பாலோரும் மாணவர்களும் அவர் பின்னால் வந்துவிட்டார்கள். நூலகமோ வளாகமோ கைப்பணமோ இல்லாமல் ஒரு கல்லூரி பிறந்தது. முதலில் வெல்ஸ் தெருவில் ஓர் அலுவலகக் கட்டடம், அப்புறம் 1946-இல் ஆடிட்டோரியம் கட்டடம். டாங்க்மர் ஆட்லரும் லூயிஸ் சல்லிவனும் வடிவமைத்து 1889-இல் திறந்த மாபெரும் கட்டடம் அது. ஓட்டல், அலுவலகம், 4,000 பேருக்கு மேல் அமரும் அரங்கம், எல்லாம் ஒன்றுக்குள். போர்க்காலத்தில் அதன் மேடையில் வீரர்கள் பொழுதுபோக்கப் பந்துருட்டும் தடங்கள் போட்டிருந்தார்கள்.

மாளிகையை வாங்குவதில் உள்ள நல்லதும் கெட்டதும் அங்கே தெளிவாகத் தெரியும். ஓட்டல் அறைகளுக்கு ஜன்னல் இருக்கும், காற்று வரும், பக்கத்திலேயே கழிப்பறை. இவையெல்லாம் கராஜில் கிடைக்காதவை. உயர்ந்த கூரை, மொசைக் தரை, பெருமையோடு உள்ளே நுழையும் வாசல். ஆனால் ஓட்டல் அறை சிறியது. 40 பேர் உட்கார இரண்டு அறையை ஒன்றாக்க வேண்டும், நடுச்சுவர் பாரம் தாங்கும் சுவராக இருந்தால் அதுவும் முடியாது. அப்புறம் அந்த அரங்கம். கல்லூரிக்கு அதனால் உடனடிப் பயன் இல்லை, ஆனால் கூரை ஒழுகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு கல்லூரியுடையது. பல வருடம் பூட்டிக் கிடந்து, பணம் திரட்டிப் புதுப்பித்து 1967-இல்தான் மறுபடி திறந்தது. அழகான பழைய கட்டடத்தை ஏழைக் கல்லூரி வாங்கினால் கட்டடத்துக்காகவும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கும். ரூஸ்வெல்ட் அதைத் தாங்கியது, அந்தக் கட்டடமும் பிழைத்தது. அதற்காக அந்தக் கல்லூரிக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எல்லா நகரத்திலும் ஒரு சல்லிவன் கட்டடம் விலைக்குக் கிடைக்காது.

இனி கராஜுக்கு வருவோம். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும்.

கார் நிற்கும் கட்டடம் எவ்வளவு பாரத்தையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு காருக்கு, அது திரும்பும் வழியையும் சேர்த்து, 250 முதல் 300 சதுர அடி போகிறது. காரின் எடை ஒன்றரை டன் சொச்சம். பரப்பில் பங்கிட்டால் மிகக் குறைவு. இன்றைய அமெரிக்க விதிப்படி கார் நிறுத்தும் தளத்துக்குச் சதுர அடிக்கு 40 பவுண்டு, வகுப்பறைக்கும் அதே 40. ஆகா, சரியாகப் பொருந்துகிறதே என்று தோன்றும். ஆனால் மாடியில் உள்ள நடைவழிக்கு 80, தரைத்தள நடைவழிக்கு 100, நூலகத்தின் புத்தக அடுக்குக்கு 150. அந்தக் காலத்துச் சில நகர விதிகள் கராஜுக்கு 100 பவுண்டுக்கு மேல் கேட்டன. அதனால் 1920-களின் கராஜ், பின்னால் வந்தவற்றைவிடப் பல நேரம் வலுவானது. எப்படியிருந்தாலும் புத்தக அடுக்கை மண்மேல் படுத்திருக்கும் தரைத்தளத்தில் வைப்பதே புத்திசாலித்தனம்.

அடுத்தது உயரம். கராஜில் பீமின் (கூரையைத் தாங்கும் உத்தரத்தின்) அடியிலிருந்து தரைக்கு ஏழெட்டு அடி கிடைத்தால் போதும், கார் போய்விடும். வகுப்பறைக்கு ஒன்பது பத்து அடியாவது வேண்டும். பீம்களுக்கு நடுவில் கூரை கொஞ்சம் உயரும், அங்கே விளக்கைப் பொருத்தி 1946-இல் சமாளித்திருக்கலாம். அப்போது ஏ.சி. டக்ட் (குளிர்காற்று போகும் குழாய்) கிடையாது, ஜன்னலைத் திறப்பார்கள். பிறகு ஏ.சி. வந்தபோதுதான் சங்கடம். ஒன்றேகால் அடி டக்டைப் பீமுக்குக் கீழே தொங்கவிட்டு, அதை மறைக்க ஃபால்ஸ் சீலிங்கும் போட்டால், கையை உயர்த்தினால் தொட்டுவிடும் உயரத்தில் கூரை இறங்கிவிடும். கெல் ஹாலில் பல வருடம் வேதியியலும் உயிரியலும் இருந்தன. ஆய்வகப் புகையை வெளியேற்றும் குழாய் ஒவ்வொரு மேடையிலிருந்தும் மேல்மாடி வரை செங்குத்தாகப் போக வேண்டும். தாழ்ந்த கூரைக் கட்டடத்தில் மிகக் கடைசியாக வைக்க வேண்டியது ஆய்வகம். இடநெருக்கடி அதைத்தான் அங்கே கொண்டுபோய் வைத்தது.

மூன்றாவது சாய்தளம். கராஜ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் தளங்கள் சமமாக இருக்கும், ஏறி இறங்க மட்டும் தனிச் சாய்வு. இன்னொன்றில் கார் நிற்கும் தளமே சாய்ந்திருக்கும், சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டே நிறுத்துவார்கள். 20 அடிக்கு 1 அடி சாய்வு என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நாலடி மேசையை அதன் மேல் வையுங்கள். ஒரு முனை இன்னொன்றைவிட இரண்டரை அங்குலம் தாழும். பென்சில் உருளும், நாற்காலி மெல்ல நகரும், தேநீர்க் குவளையில் விளிம்பு கோணும். இரண்டாவது வகையைக் கல்லூரியாக்க நினைப்பதே வீண். சாய்வை நிரப்பிச் சமன் செய்யக் கான்கிரீட் போட்டால் தளத்தின் மேல் அந்தப் பாரமும் ஏறும். ஐவி ஸ்ட்ரீட் கராஜில் சமதளங்கள் வகுப்பறையாகின, சாய்வுகள் நடைவழியாகின. அதனால்தான் அந்த மாற்றம் கைகூடியது.

அந்த நடைவழியால் ஒரு நன்மையும் வந்தது. தட்டச்சு மேசைகள், கோப்பு அலமாரிகள், ஆய்வகக் கருவிகள் எல்லாவற்றையும் லிஃப்ட் இல்லாமலே தள்ளுவண்டியில் மேலே கொண்டுபோகலாம். போரில் காலை இழந்து வந்தவருக்குப் படிக்கட்டைவிடச் சாய்தளம் எவ்வளவோ மேல். அதே நேரம் காருக்கான சாய்வு சக்கர நாற்காலிக்கான சாய்வு ஆகிவிடாது. இன்றைய அமெரிக்க விதி 12 அடிக்கு 1 அடிக்கு மேல் போகக் கூடாது என்கிறது. ஒவ்வொரு இரண்டரை அடி ஏற்றத்துக்கும் நின்று இளைப்பாறச் சமதளம் வேண்டும் என்றும் கேட்கிறது. பழைய கார் சாய்வுகள் பல இதில் தேறாது.

நான்காவது ஒன்று, யாரும் முதலில் யோசிக்காதது: தீ. மாடிக்கு மாடி திறந்து கிடக்கும் சாய்தளம் புகைக்கு நல்ல வழி. இது அட்லாண்டாவில் வெறும் கற்பனை இல்லை. 1946 டிசம்பர் 7 விடியற்காலையில் அதே நகரின் நடுப்பகுதியில் வைன்காஃப் ஓட்டல் எரிந்தது. 15 மாடி. தீப்பிடிக்காத கட்டடம் என்று விளம்பரப்படுத்தியது. இருந்ததோ ஒரே ஒரு திறந்த படிக்கட்டு. தீயும் புகையும் அந்த வழியாகவே ஏறின. 119 பேர் இறந்தார்கள். கட்டடத்தின் கூடு எரியவில்லை, உள்ளே இருந்தவர்கள் தப்ப வழியில்லை. கான்கிரீட் கராஜும் கூடு எரியாத கட்டடம்தான். அதனால் கார் நிறுத்துமிடத்தை மனிதர் கூடும் இடமாக்கும்போது செலவின் முதல் பங்கு மூடிய படிக்கட்டுகளுக்கும், சாய்தளத்தின் ஒவ்வொரு வாயிலுக்கும் போடும் தீத்தடுப்புக் கதவுகளுக்கும் போக வேண்டும் என்பேன். பெயிண்டும் மேசையும் பிறகு.

தண்ணீர்க் குழாய், கழிப்பறை பற்றி ஒரு வரி. கராஜில் காவலாளிக்கு ஒன்றிரண்டு கழிப்பறை இருந்தால் அதிகம். நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேண்டுமென்றால் ஒவ்வொரு தளத்தையும் துளைக்க வேண்டும். ஒரே நேர்கோட்டில் மேலும் கீழுமாக அமைத்தால் துளை குறையும். இருபது வருடம் எண்ணெய் ஊறிய தரையில் ஒட்டும் பசை எதுவும் பிடிக்காது, மேற்பரப்பைச் சுரண்டியாக வேண்டும். இவை தொல்லைகள்தான், தடைகள் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் 1945-இல் என்னைக் கேட்டிருந்தால் கராஜையே சொல்லியிருப்பேன். நேவி பியரைவிடப் பக்கம், தகரக் கூடத்தைவிட நிலம் குறைவு, மாளிகையைவிடப் பராமரிப்பு எளிது, புதுக் கட்டடத்துக்குப் பத்து வருடம் முன்னால். ஆறு தளத்தையும் ஒரே நாளில் முடிக்க வேண்டிய கட்டாயமும் கராஜில் இல்லை. ஒரு தளத்தை முடித்து வகுப்பு தொடங்கிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். சொந்தக் கட்டடம் வந்ததால் கல்லூரி நகரின் நடுவில் வேர்விட்டது. 1947-இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கிளையாக இணைந்தது, 1955-இல் தனிக் கல்லூரியானது, 1969-இல் பல்கலைக்கழகம். புதுக் கட்டடங்கள் எல்லாம் அந்தக் கராஜின் பக்கத்திலேயே எழுந்தன.

ஆனால் ஒன்றை மறைத்துவிட்டு இதைப் பாராட்ட எனக்கு மனம் வராது. பகலில் உழைப்பவர்களின் கல்லூரி என்று சொன்னேனே, அது வெள்ளையருக்கு மட்டும். அட்லாண்டாவில் கறுப்பினத்தவர் எவ்வளவோ பேர் பகலில் உழைத்தார்கள், அவர்களிலும் போர்வீரர்கள் இருந்தார்கள். பார்பரா ஹன்ட், ஐரிஸ் மே வெல்ச், மைரா பெய்ன் எலியட் என்ற மூன்று பெண்கள் வழக்குப் போட்டு, 1959-இல் நீதிமன்றம் அந்தக் கல்லூரியின் சேர்க்கை விதி செல்லாது என்றது. அதற்கும் மாநிலம் வயது வரம்பு என்று புதுத் தடை கொண்டுவந்தது. முதல் கறுப்பின மாணவி சேர்ந்தது 1962-இல். ரூஸ்வெல்ட் கல்லூரியோ முதல் நாளிலிருந்தே எல்லாருக்கும் திறந்திருந்தது. கட்டடத்தை ஒப்பிட்டால் கராஜுக்கு என் ஓட்டு. கல்லூரியை ஒப்பிட்டால் ஸ்பார்லிங்கின் கல்லூரிக்குத்தான்.

கராஜின் உண்மையான தவறு 1945-இல் நடக்கவில்லை, அதற்குப் பிறகு நடந்தது. எப்போது வெளியேறுவது என்று யாரும் நாள் குறிக்கவில்லை. வணிகக் கணக்கு சொல்லிக்கொடுக்க வாங்கிய கட்டடத்தில் அறிவியல் ஆய்வகம் நுழைந்தது. 1955-இல் ஸ்பார்க்ஸ் ஹால் வந்தபோதாவது இது எதற்கு ஆகும், எதற்கு ஆகாது என்று எழுதி வைத்திருக்கலாம். அலுவலகம், சிறு வகுப்பு, சேமிப்பு என்றால் கெல் ஹால் இன்னும் நாள் தாங்கியிருக்கும்.

இப்போதும் பல நகரங்களில் கார் நிறுத்தும் மாடிகள் காலியாகின்றன, வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதா என்ற பேச்சு வருகிறது. நான் பார்க்கப் போனால் முதலில் தளம் சமமா என்று பார்ப்பேன். சாய்வுத்தளமாக இருந்தால் அங்கேயே திரும்பிவிடுவேன். சமமாக இருந்தால், பீமின் அடியில் ஒன்பதடி கிடைக்கிறதா, ஜன்னல் சுவரிலிருந்து நடுப்பகுதி எத்தனை அடி உள்ளே என்று அளப்பேன். 25 அடிக்கு மேல் உள்ளே பகல் வெளிச்சம் சரியாகப் போகாது. அந்த இருட்டு நடுப்பகுதியில் படிக்கட்டு, கழிப்பறை, சேமிப்பறை, சிறு திரையரங்கு வைக்கலாம். அதையும் தாண்டி மீந்தால் தளத்தை நடுவில் வெட்டி முற்றம் திறக்கலாம். பாரமும் குறையும், காற்றும் வரும். ஆய்வகம் வேண்டுமென்று கேட்டால் மேல்தளத்தில் மட்டும், கூரையைத் திறந்து உயர்த்தி. அப்புறம் வாங்குபவரிடம் இரண்டு தேதி கேட்பேன்: எந்த மாதம் முதல் வகுப்பு, எந்த வருடம் மறு ஆய்வு. இரண்டாவது தேதியை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்வேன்.